கேட்காமல் விட்ட எண்

ஒட்டுக்கேட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே அம்மா. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு காதை மட்டும் எங்கே கழற்றி வைப்பது? நீ போனில் சொன்னது விழுந்துவிட்டது. "முடிஞ்சிட்டு சார், ஸ்கிரீன்ல வந்துட்டு" என்றாய். கேட்கக் கூடாதுதான், இருந்தாலும் கேட்கிறேன். முடிந்துவிட்டது என்று உனக்குச் சொன்னது யார்? வேலையைச் செய்த புரோகிராமா, அதை அனுப்பி வைத்த புரோகிராமா?

நிமிர்ந்து பார்க்கிறாய். நரைத்த தலையும் துணிப்பையுமாக இருக்கிற கிழவிக்கு இது எப்படித் தெரியும் என்று பார்க்கிறாய். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இதுதான் அம்மா. இருபத்தாறு வருஷம். ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதே, திருநெல்வேலிப் பக்கத்து ஆள் நீ, உனக்கே தெரிந்தாலும் தெரியும். என் பெயர் சங்கரவடிவு. அங்கே வடிவு மேடம்.

நீ எதுவரை? வள்ளியூரா? நானும் வள்ளியூர்தான். டிக்கெட் பார், வள்ளியூர். அங்கே ஒருவரைப் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே கடை, ஜெராக்ஸ் கடை. நடந்துபோய்விடலாம். எனக்கு நடப்பது ஒன்றும் கஷ்டமில்லை. இந்த வயதிலும் தினம் காலையில் குளக்கரையை நாலு சுற்று சுற்றுகிறேன்.

உனக்கு அந்த வேலை தெரியும் என்பதால் சொல்கிறேன். வேறு யாரிடம் சொன்னாலும் புரியாது. என் தங்கை நாகர்கோவிலில் இருக்கிறாள், அவளிடம் ஒருமுறை சொல்லப்பார்த்தேன். "கம்ப்யூட்டர் தப்புக்கு நீ ஏன்க்கா அழற?" என்றாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். ஒரு அறை, ஒரு பெரிய மெஷின், நாலைந்து திரைகள். உன் மடியில் இருக்கிற லேப்டாப்பில் நூற்றில் ஒரு பங்கு இடம்கூட அதில் கிடையாது. கல்லூரிப் பிள்ளைகளின் மார்க் எல்லாம் அதில்தான் ஏறும். நான் ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அது எல்லா வேலையையும் தானே செய்யாது. மறுமதிப்பீட்டில் வந்த மார்க்கைப் பழைய மார்க்கோடு சேர்ப்பதற்கு வெளியில் இன்னொரு புரோகிராம் இருந்தது, யாரோ எழுதிக் கொடுத்தது. என்னுடையது அதைக் கூப்பிட்டு, இந்த வேலையை முடித்துவிட்டு வா என்று அனுப்பும். அனுப்பியதைத் தாய் என்றும், போனதைப் பிள்ளை என்றும் சொல்வோம். உங்கள் காலத்திலும் அப்படித்தானே? ஆமாம், அது மாறியிருக்காது.

பிள்ளை வேலை முடிந்து சாகும்போது ஒரு எண்ணை விட்டுவிட்டுச் சாகும். பூச்சியம் என்றால் நல்லபடியாக முடிந்தது. வேறு எந்த எண் என்றாலும் கோளாறு. தேர்வு ஆபீசில் பூச்சியம் வந்தால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் நான்தான் என்று சொல்லிச் சிரிப்பேன். தாய் காத்திருந்து அந்த எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். செத்த பிள்ளை போகாது. உயிர் இருக்காது, வேலை செய்யாது, ஆனால் மெஷினின் பட்டியலில் அதன் பெயர் நின்றுகொண்டே இருக்கும். நீ எப்படிப் போனாய் என்று பெற்றவள் வந்து கேட்கிற வரைக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மெஷினுக்கு இவ்வளவு மனசா என்று நினைத்தேன். பிறகு பழகிவிட்டது. எதுதான் பழகவில்லை?

முதலில் நான் ஒழுங்காகத்தான் எழுதினேன், அதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை திரும்புகிற வரை தாய் காத்திருக்கும். நாற்பது நிமிஷம் ஆகும். அதுவரை திரை அசையாமல் நிற்கும். தேர்வுப் பிரிவுக்குத் தலைமை கன்ட்ரோலர் ஆவுடையப்பன் சார், அவர் இரண்டு முறை வந்து பார்த்தார். "என்ன மேடம், உங்க மெஷின் தூங்குதா, நீங்க தூங்குதியளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். அந்த வாரமே மாற்றிவிட்டேன். பிள்ளையை அனுப்பியதும் காத்திருக்காமல் தாய் அடுத்த வேலைக்குப் போய்விடும். திரையில் உடனே "முடிந்தது" என்று எழுத்து விழும். ஆவுடையப்பன் சாருக்குப் பெரிய சந்தோஷம். அடுத்த நாள் காலையில்தானே அச்சடிக்கப் போகிறோம், அதற்குள் எப்படியும் முடிந்திருக்கும் என்பது என் கணக்கு. ஐந்து செமஸ்டர் முடிந்தும்தான் இருந்தது.

என்ன? இரு அம்மா, நீ சொல்ல வருவது எனக்குத் தெரியும். நான் முடித்துவிடுகிறேன்.

ஞானதிரவியம் என்று ஒருவர். மார்க்கையெல்லாம் தட்டி ஏற்றுகிற வேலை. நாலு வருஷமாகத் தற்காலிகம். அந்த வருஷம் நிரந்தரமாக்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். வேலை தொடங்குமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவார். பிள்ளைகள் மார்க் மேடம், எண்ணெய்க் கையோட தொடக் கூடாது என்பார். ஒரு மார்க்கை ஏற்றினால் தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. பக்கம் முடிந்தால் புள்ளிகளை எண்ணிப் பார்ப்பார். அப்படி ஒரு ஆள்.

திரையில் "முடிந்தது" என்று உடனே வர ஆரம்பித்ததும் அவர் ஒருமுறை என்னிடம் கேட்டார். "மேடம், முன்னயெல்லாம் நாப்பது நிமிஷம் ஆகுமே. இப்ப எப்படி உடனே முடியுது?" என்று. வேகமாக்கியிருக்கிறேன் என்றேன். வேகமாக்கியிருக்கிறேன். நான் சொன்ன பதில் அதுதான்.

நாங்குநேரி தாண்டிவிட்டதா? தாண்டிவிட்டது. வெயில் இந்தப் பக்கம் வந்துவிட்டது பார்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுமதிப்பீட்டு மார்க்கைச் சேர்க்கச் சொல்லி அனுப்பினேன். "முடிந்தது" என்று வந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து அச்சுக்குக் கொடுத்தேன். அச்சுக்குக் கொடுத்ததும் ஞானதிரவியம் ஏற்றிய மறுமதிப்பீட்டுக் கோப்பு தானாக அழிந்துபோகும். மெஷினில் இடம் குறைவு என்று நான்தான் அப்படி எழுதியிருந்தேன். பதினொரு மணிக்கு முடிவுகளை ஒட்டினார்கள். இரண்டு மணிக்கு ஒரு கல்லூரியிலிருந்து போன். மறுமதிப்பீட்டில் ஒரு பெண்ணுக்கு மார்க் கூடியிருப்பது பேப்பர் திருத்தியவருக்கே தெரியும், முடிவில் பழைய மார்க்கே இருக்கிறதே, என்ன சமாச்சாரம் என்று. பிறகு இன்னொரு போன். மூன்று மணிக்கு வாசலில் கூட்டம். ஒரு தகப்பனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டில் ஏறி நின்றார். எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொரு பிள்ளைகள். பாஸானவர்களைப் பெயில் என்று ஒட்டியிருந்தோம்.

அப்போது நான் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். உள்ளே இப்போது என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டுகிற கட்டளை இருக்கிறதே, அதை அடித்தேன். வரிசையாக வந்தது. அதில் ஒரு வரி. நான் முந்தின சாயங்காலம் அனுப்பியது. பக்கத்தில் செத்துவிட்டது என்று அடையாளம். பாதி வேலையில் செத்திருக்கிறது. டிஸ்கில் இடம் தீர்ந்துபோயிருக்கும், வேறென்ன? என் புரோகிராம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நான் அதை நிறுத்தாமலே வீட்டுக்குப் போயிருந்தேன். அதனால் பிள்ளை ராத்திரி முழுக்க, காலை முழுக்க, அங்கேயே கிடந்திருக்கிறது. சொல்வதற்கு ஒரு எண்ணை வைத்துக்கொண்டு. கேட்க வேண்டியவள் கேட்கவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆவுடையப்பன் சாரைக் கூப்பிட்டு, இதோ பாருங்கள், இது என் தவறு என்று காட்டியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி போதும்.

தாய் போய்விட்டால் அந்தப் பெயரும் பட்டியலிலிருந்து போய்விடும். அது உனக்குத் தெரியும். மெஷினே வந்து எடுத்துப் போட்டுவிடும். என் புரோகிராமை நிறுத்த ஒரே ஒரு எழுத்தைத் தட்ட வேண்டும். தட்டினேன். மறுபடி பட்டியலைப் போட்டுப் பார்த்தேன். அந்த வரி இல்லை. அந்த எண் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையில் ஒரு துளி வேர்வை இல்லை அம்மா. அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது. வேர்த்திருக்கலாம், இல்லையா?

பழி யார்மேல் விழும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். தோன்றியது.

கன்ட்ரோலர் அறை. நான் உட்கார்ந்திருந்தேன், ஞானதிரவியம் நின்றார். அவர் ஏற்றாமல் விட்டுவிட்டார் என்று பேச்சு. அவர் தாளை எடுத்துக்கொண்டு வந்திருந்தார், பென்சில் புள்ளியெல்லாம் காட்டினார். புள்ளி யார் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றார் ஆவுடையப்பன் சார். ஏற்றிய கோப்பு எங்கே என்று கேட்டார். அது அழிந்துவிட்டது. அப்போது ஞானதிரவியம் ஒன்று சொன்னார்.

"சார், விடுபட்டது எல்லாம் பட்டியல்ல கடைசி நாப்பத்தொண்ணு. நான் அசந்து விட்டிருந்தா அங்கொண்ணு இங்கொண்ணுதான சார் விட்டிருப்பேன்? இப்படி வரிசையாவா விடுவேன்?"

எவ்வளவு சரியான கேள்வி பார். மனிதன் சிதறித் தவறுவான். மெஷின்தான் ஒரு இடத்தில் அறுந்து அதற்கப்புறம் ஒன்றுமே இல்லாமல் போகும். அந்த அறையில் அது புரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். ஆவுடையப்பன் சார் என்னைப் பார்த்தார். "மேடம், உங்க புரோகிராம் சரிதான?" என்று கேட்டார்.

"திரையில முடிஞ்சதுன்னு வந்துது சார்" என்றேன்.

பொய் இல்லை, பார்த்தாயா? வந்தது. நான் பொய் சொல்லவில்லை. அதற்கு மேலும் ஒன்று செய்தேன். அவருக்காகப் பரிந்து பேசினேன். நாலு வருஷமாக ஒரு குறை இல்லாமல் வேலை பார்த்தவர், ஏதோ கண் அசந்திருக்கும், இந்த ஒரு தடவை மன்னித்துவிடுங்கள் என்று. மன்னிக்கச் சொன்னால் தவறு அவருடையது என்று முடிவாகிவிடாதா? முடிவாகிவிட்டது. மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முடிவுகளைத் திருத்தி ஒட்ட ஒன்பது நாளாயிற்று. ஒரு பெண்ணுக்கு மேல்படிப்புக்குக் கிடைத்த இடம் அதற்குள் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன்.

சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் ஞானதிரவியம் எனக்காகக் காத்திருந்தார். நான் வேறு வழியாகப் போயிருப்பேன், வேறு வழி இல்லை. "எனக்காகப் பேசுனியளே மேடம், வேற ஒருத்தரும் வாயத் திறக்கல. சாகுற வரைக்கும் மறக்கமாட்டேன்" என்றார். பிறகு சைக்கிள் மணியைச் சும்மா திருகிக்கொண்டே நின்றார்.

"மேடம், நெசமாவே நான் விட்டிருப்பேனோ?"

அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. புள்ளி வைத்து எண்ணிப் பார்த்த மனிதருக்கு. அந்த இடத்தில், யாருமில்லாத அந்த இடத்தில், அவர் ஒருவரிடம் மட்டுமாவது நான் சொல்லியிருக்கலாம். வேலை திரும்பக் கிடைத்திருக்காது. ஆனால் அவர் தன்னை நம்பியிருப்பார்.

"இருக்கலாம் ஞானதிரவியம்" என்றேன். "எல்லாருக்கும் கண் அசரும்."

அந்த மூன்று நாலு வார்த்தைதான் அம்மா. மற்றதெல்லாம் பயத்தில் செய்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று இத்தனை வருஷமாகத் தேடுகிறேன்.

அடுத்த வாரம் புரோகிராமில் இரண்டு வரி சேர்த்தேன். காத்திரு. எண்ணைக் கேள். ஐந்து நிமிஷ வேலை. பிறகு கடைசிவரை அந்த இடத்தில் ஒரு தவறு வந்ததில்லை. பணி ஓய்வு பெறும்போது அதைத்தான் சொல்லி எனக்குச் சால்வை போட்டார்கள்.

அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேனோ என்னவோ. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது, வள்ளியூரிலிருந்து. மாமனார் ஊரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை போட்டிருக்கிறேன் என்று ஞானதிரவியம் எழுதியிருந்தார். உள்ளே கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: "அந்த நாற்பத்தொரு பிள்ளைகளுக்காகவும் தினமும் ஜெபம் பண்ணுகிறேன்." அடுத்த வருஷமும் அட்டை. அதே வரி. ஒரு வருஷம் தப்பாமல் முப்பது வருஷமாக. எழுத்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நடுங்க ஆரம்பித்தது. அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது பேரப்பிள்ளைகள் வரப்போகிற வயசு. இவர் இன்னும் முழங்காலில் நிற்கிறார், செய்யாத ஒன்றுக்காக.

நான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. போட்டால் என்ன எழுதுவது? நலம், நலமறிய ஆவல் என்றா?

இந்தக் கிறிஸ்துமஸுக்கு அட்டை வரவில்லை.

பொங்கல் வரை பார்த்தேன். தபால்காரரிடம் கேட்டேன். நேற்று உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். நாலு முறை எழுதிக் கிழித்தேன். முதலில் வருத்தம், காரணம், ஆவுடையப்பன் சார் பேசின பேச்சு, ஒற்றைப் பெண்ணாக நான் பட்டது, எல்லாம் எழுதினேன். படித்துப் பார்த்தால் நானே எனக்குப் பரிந்து பேசுகிற மாதிரி இருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டே வரி வைத்தேன். அந்த நாற்பத்தொன்றை நீங்கள் விடவில்லை ஞானதிரவியம். நான் விட்டேன், அன்றைக்கே எனக்குத் தெரியும். கீழே என் பெயர். இதோ, இந்தக் கவர்தான். ஒட்டியாகிவிட்டது. தபாலில் போடலாம்தான். தபால் போய்ச் சேர்ந்ததா என்று யார் கண்டது? அதனால் நேரிலேயே போய், அவர் கையில் கொடுத்து, அவர் படித்து முடிக்கிறவரை அங்கேயே நிற்பது என்று முடிவு செய்தேன். திட்டினால் வாங்கிக்கொள்வது. அதற்குத்தான் கிளம்பினேன்.

ஊர் வந்துவிட்டது போலிருக்கிறதே. என்ன சீக்கிரம்!

இறங்கலாம், இறங்கலாம். கூட்டம் முதலில் இறங்கட்டும். வண்டி பத்து நிமிஷம் நிற்கும் என்கிறாரே கண்டக்டர். நீ முன்னால் போ. இல்லை, இரு. ஒரு நிமிஷம் உட்கார்.

நான் யோசித்துப் பார்த்தேன் அம்மா. திடீரென்று நான் போய் முன்னால் நின்றால் அவருக்கு எப்படி இருக்கும்? வயதானவர். அதிர்ச்சியாகிவிடும். படிக்கும்போது ஒரு மனிதனுக்குத் தனிமை வேண்டாமா? நான் நின்றுகொண்டிருந்தால் எனக்காக அவர் மறுபடி பரவாயில்லை மேடம் என்று சொல்ல வேண்டிவரும். அது அவருக்குத்தானே கஷ்டம்? அதோடு இந்த முழங்கால் வேறு. படியில் இறங்கி ஏறினால் இன்றைக்குப் பூராவும் வலிக்கும். தங்கையையும் பார்த்து நாளாகிறது. இந்த வண்டியிலேயே நாகர்கோவில் போய்விட்டால் அவளோடு மத்தியானச் சாப்பாட்டுக்குச் சரியாக இருக்கும்.

நீ இங்கேதானே இறங்குகிறாய். எதிர்க் கடைதான், போகிற வழிதான். இந்தக் கவரைக் கொடுத்துவிடேன். வடிவு மேடம் கொடுத்தார்கள் என்று சொன்னால் போதும், வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

கையில் வைத்துக்கொள், மடக்காதே.

ஜன்னல் வழியாகவே தெரிகிறதா? நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கடை திறந்திருக்கிறதா? உள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிறார்களா? வேண்டாம், சொல்லாதே அம்மா. வயசானவரா, சின்னவரா என்றெல்லாம் சொல்லாதே. அவர் இல்லாவிட்டால் வீட்டில் யாராவது இருப்பார்கள், அவர்களிடம் கொடு.

ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு, வண்டி எடுக்கிறதுக்குள் திரும்பி வந்து சொல்கிறாயா? எதற்கு வீணாக வெயிலில் ஓடுகிறாய்? போன் நம்பரும் வேண்டாம். என் நம்பர் எனக்கே நினைவில் நிற்பதில்லை. நீ நல்ல பிள்ளை, கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாய், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

கண்டக்டர், இந்த டிக்கெட்டை நாகர்கோவிலுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா?

என்ன அம்மா இன்னும் நிற்கிறாய், டிரைவர் ஏறிவிட்டார், இறங்கு. என்னைப் பார்க்காதே, கவரைப் பார். உன் கையில் கொடுத்துவிட்டேன் இல்லையா, அதோடு முடிந்தது.